அரைப்பேர் நாட்கள்

வாசகர் கடிதம்:

"அன்புள்ள அக்கா, எனக்கு வயது 31. பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஆபீஸ் வேலை. கொழுந்து எடைக் கணக்கு, விவசாயிகளுக்கு மாதப் பட்டுவாடா, குன்னூர் ஏலத்துக்குப் போகும் மூட்டைகளின் விவரம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். வீட்டில் கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன், சிலோனிலிருந்து கப்பலேறி வந்த அப்பாயி. இதுவரை ஆறு கதை எழுதி மூன்று அச்சில் வந்திருக்கிறது. பெரிய எழுத்தாளர்களெல்லாம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதுவார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்து நானும் எழுந்தேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். மற்ற நேரத்தில் உட்கார்ந்தால் நாலு வரிக்குள் யாராவது கூப்பிடுகிறார்கள். எழுத உட்கார்ந்த நாளெல்லாம் எனக்கு அரைப்பேர்தான் அக்கா. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா? கணவர் சரி என்கிறார். ஒரு பதிப்பகம் 28,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி போட்டுத் தருவதாகச் சொல்கிறது, கட்டலாமா? நீங்கள் ஒரு நாளை எப்படி ஓட்டுகிறீர்கள்? பெயர் போட வேண்டாம்."

பதில்:

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள். இருந்தாலும் நாலு பேர் படிக்கிற இடம், நீங்கள் என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் 'அரைப்பேர்' வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து மறுபடி அந்த வரியையே படித்தேன். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறித்தும் சொன்ன எடை வராவிட்டால் செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில், அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் விழும். அது அரைப்பேர். சிலோன் மலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களோடு கப்பலேறி வந்த சொல். அதை எழுத்துவேலைக்குப் பொருத்தி எழுதியிருக்கிறீர்கள், போகிற போக்கில். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என் நாள். ஏமாந்து போகாதீர்கள். கோத்தகிரியில் எனக்கு ஐந்தரைக்கு விழிப்பு வரும், எழுதுவதற்காக இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளென்றால் அந்நேரத்துக்கு வாளிகளை வரிசை வைக்க வேண்டும். பிறகு அடுப்பு, அம்மாவுக்கு மாத்திரை, வெயில் வந்தால் துணி. வராத நாள்தான் அதிகம், அப்போது துணி நாற்காலி நாற்காலியாக ஊர்வலம் போகும். ஒன்பதே முக்காலுக்கு மேசைக்கு வருகிறேன். பதினொன்றே கால் வரைக்கும் என் சொந்த எழுத்து. ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். நல்ல நாளில் இரண்டு பக்கம், கெட்ட நாளில் முந்தாநாள் எழுதின இரண்டு பக்கத்தை அடிப்பது.

அதற்கப்புறம் வருவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், யாரோ ஒருவர் எழுதிய சுயசரிதையைப் படிக்கும்படி ஆக்குவது, ஒலிப்புத்தகத்துக்கு வசனம் பிரிப்பது. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு ஒன்று வரும். யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்து அதனதன் எழுத்தோடு சேர்த்துக் கட்டுவதில் ஒரு மதியம் போய்விடும். 'ப்' மிகுமா மிகாதா என்று ஒரு ஆசிரியரோடு அரைமணி நேரம் ஃபோனில் சண்டை. மாலையில் 'போன மாதத் தொகை இன்னும் வரவில்லை' என்பதை எத்தனை விதமாகப் பணிவாக எழுதலாமோ அத்தனை விதமாக எழுதுவது. இருபது வருஷத்துக்கு மேல் எழுத்தால் பிழைக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். ஆனால் என் கதைகள் எனக்குச் சோறு போட்டதில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்திருக்கின்றன.

ஊர் வேறு தன் பங்குக்குக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் பக்கம் ஆனி ஆடி மழை, எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை. கம்பியில் மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் கிடையாது. அதனால் முதல் படியை இன்னும் நோட்டில், பென்சிலால் எழுதுகிறேன். ஈரத்தில் பேனா மை பரவிக் குழம்பும், பென்சில் அப்படியே நிற்கும். புத்தக அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரிகிறது, பூஞ்சை பிடிக்காமலிருக்க. எழுத்தாளரின் உபகரணம் என்ன என்று யாராவது கேட்டால் அந்தப் பல்பைத்தான் முதலில் சொல்வேன்.

இனி அந்த நாலு மணி. வீடியோவில் சொன்னது பொய்யில்லை. ஜப்பானிய நாவலாசிரியர் முரகாமி நாவல் எழுதும் காலத்தில் நாலு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதிவிட்டு, மதியம் நீந்துவதாகவோ பத்து கிலோமீட்டர் ஓடுவதாகவோ அவரே சொல்லியிருக்கிறார். நல்ல பழக்கம்தான். கோத்தகிரியில் இருட்டோடு இருட்டாக ஓடினால் தேயிலைக்குள்ளிருந்து கரடியோ காட்டெருமையோ எதிரே வரும். உங்கள் பக்கம் யானை. நாமும் வேகமாகத்தான் ஓடுவோம், ஆனால் அதைப் பழக்கமாக வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொருவரைச் சொல்கிறேன், இவர் உங்களுக்கு நெருங்கினவர். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப். அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே நாவல் நாவலாக எழுதித் தள்ளினார். காலை ஐந்தரைக்கு மேசை. கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொல். அவர் இறந்த பிறகு 1883இல் வெளிவந்த சுயசரிதையில் இந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது. எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த 250ஐ எடுத்துச் சொல்வார்கள். அதே பகுதியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை: அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுக்க வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். அந்த வேலைக்கென்று ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவர் காப்பியோடு தாமதமாக வந்ததில்லை என்றும், தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்றும் டிரோலப்பே எழுதியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் நாலு மணிக்கு எழுப்பிக் காப்பி கொடுப்பது யார்? எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, காப்பி போட்டு, அது போதாதென்று அந்தச் சத்தத்தில் எழுந்துவிட்ட பையனை மறுபடி தூங்கவைத்து, எட்டு மணிக்கு ஃபேக்டரி பஸ்ஸைப் பிடித்து... பதினோரு நாள் தாங்கினதே பெரிசு. காய்ச்சலை உங்கள் ஒழுக்கக்குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணவர் சரி என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதராக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அவரிடம் கேட்டுப்பாருங்கள். உங்கள் சம்பளத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை அடுப்படியையும் பையனையும் பார்த்துக்கொள்ளத் தயாரா? முதலாவதற்கு உடனே சரி சொல்லி, இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிக்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் எளிது. நீங்கள் வேலையை விட்டால் வீட்டில் ஒரு ஆள் கூடும், பகல் முழுக்க. நீங்கள் எழுதத்தான் வீட்டில் இருக்கிறீர்கள் என்பது கூரியர்காரருக்கோ, பக்கத்து வீட்டுக்கோ, உங்கள் மாமியாருக்கோ தெரியாது. 'சும்மாதானே இருக்கே' என்று கேட்பார்கள். ஃபேக்டரி நேரத்தில் உங்களை யாரும் அப்படிக் கூப்பிட முடியாது. இதுதான் என் பதிலின் முக்கால் பங்கு: வேலையை விடாதீர்கள். அந்த ஞாயிறு இரண்டு மணி நேரத்தை வாங்குங்கள்.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். 2003இல் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஃபீஸ் கவுன்டரில் இருந்தேன். முதல் நாவலுக்கு நாலு பேர் நல்ல வார்த்தை சொன்னார்கள். தலையில் காற்று ஏறிவிட்டது, ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். சரிவின் விளிம்பில் ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் கீழே மேட்டுப்பாளையம் வரைக்கும் தெரியும், இராத்திரியில் சமவெளி விளக்கெல்லாம் கொட்டிக் கிடக்கும். யாரைக் கூட்டிவந்து காட்டினாலும் 'இங்கே உட்கார்ந்தா எழுத்து தானா வருமே' என்பார்கள். எட்டு மாதத்தில் 46 பக்கம் வந்தது. அதில் நாற்பதைக் கிழித்துப் போட்டேன். நாவலில் ஆட்கள் பேசவே மாட்டேன் என்றார்கள். எல்லாரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கவுன்டரில் இருந்தபோது, இரண்டாம் டெர்ம் ஃபீஸ் கட்ட முடியாத அப்பா என்ன பொய் சொல்வார், அதே பொய்யை அம்மா எப்படிச் சொல்வாள், படகர்களின் ஊரான ஹட்டியிலிருந்து வருகிற பாட்டி பணத்தை எந்த முடிச்சிலிருந்து எடுப்பாள், எடுப்பதற்கு முன்னால் யாரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள், இதெல்லாம் நாளுக்கு நாற்பது தடவை என் காதிலும் கண்ணிலும் விழுந்துகொண்டிருந்தது. சம்பளம் போனது மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. இது போனது தெரிய எட்டு மாதம் ஆயிற்று. பிறகு மெய்ப்புத் திருத்தப் போனேன். முதலில் பணத்துக்காக. அப்புறம் மொழியை எழுத்தெழுத்தாகப் பார்க்கிற ருசி ஒட்டிக்கொண்டது.

நம் மொழியில் எழுதியவர்களை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பாருங்கள். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. லா.ச.ரா. வங்கியில். ந. பிச்சமூர்த்தி வக்கீலாக இருந்து, பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியர், பின்னால் வானொலி. தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரம். பூமணி கூட்டுறவுத் துறை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல வருஷம். பாமா பள்ளி ஆசிரியை. இவர்களெல்லாம் சோற்றுக்காக இலக்கியத்தைத் தியாகம் செய்தார்கள் என்று பேசுவது ஒரு வழக்கம். எனக்கு அது ஒப்பாது. ஜவுளிக்கடை கல்லாவில் உட்கார்ந்தவருக்குக் கிடைத்த காது, மலை பார்த்த அறையில் உட்கார்ந்த எனக்குக் கிடைக்கவில்லையே.

உங்கள் மேசையைத் தாண்டிக் கொழுந்துக் கணக்கு போகிறது. விலை இறங்கின மாதத்தில் பட்டுவாடா வாங்க வருகிற விவசாயி சீட்டை எத்தனை தடவை திருப்பிப் பார்க்கிறார்? ஏஜென்டோடு எடைச் சண்டை எந்தச் சொல்லில் தொடங்குகிறது? பந்தலூரில் ஒரே டீக்கடை பெஞ்சில் தமிழ், மலையாளம், கன்னடம், பணியர் பழங்குடிப் பேச்சு நாலும் உட்கார்ந்திருக்கும். இதற்கு மாதாமாதம் சம்பளம் வேறு தருகிறார்கள் உங்களுக்கு. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஃபேக்டரியின் கணக்குகளையும் உள்விவகாரங்களையும் கதைக்குள் கொண்டுபோகாதீர்கள், அது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. ஆளையும் அடையாளம் தெரியாதபடி மாற்றுங்கள். மலை ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். என் கதையில் வந்த ஒரு மளிகைக்காரருக்கு நான் வைத்த மீசை, நிஜத்தில் வேறொருவருக்கு இருந்தது. அவர் கடையில் ஒரு வருஷம் எனக்குக் கடன் கிடையாது. வர்க்கிகூடப் பழசைத்தான் கொடுத்தார்.

சரி, நேரம் எங்கே? உங்களிடமே ஒரு நாட்காட்டி இருக்கிறது, கொழுந்தின் நாட்காட்டி. சித்திரை மழை விழுந்ததும் கொழுந்து குவியும். மழைக்காலம் ஓய்ந்து மறுபடி ஒருமுறை குவியும். அந்த மாதங்களில் ஃபேக்டரி இராத்திரியெல்லாம் ஓடும், உங்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது கதை எழுத முயன்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பையில் ஒரு சின்ன நோட்டு. நாளுக்கு ஒரே ஒரு குறிப்பு, கேட்டது கேட்டபடி. 'ஏழைப் பெண் அழுதாள்' என்று எழுதினால் அது குறிப்பில்லை. அவள் என்ன சொன்னாள், சொல்லிவிட்டு எதைத் துடைத்தாள் என்பதுதான் குறிப்பு. தை மாசியில் பனி விழுந்து கொழுந்து குறையும். ஃபேக்டரி அரைநாளோடு படுத்துவிடும். அதுதான் உங்களுக்கு எழுத்து சீசன். நோட்டை அப்போது பிரித்துப் பாருங்கள். வருஷம் முழுக்க ஒரே மாதிரி தினமும் எழுத வேண்டும் என்று யார் சொன்னாலும், அவர் தேயிலை ஊரில் வேலை பார்த்ததில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வரிக்குள் கூப்பிடுகிறார்கள் என்றீர்களே, எனக்கும் அதுதான் நடக்கிறது. அம்மாவுக்குக் காது மந்தம், நான் இருக்கிறேனா என்று பார்க்கவே கூப்பிடுவாள். பல வருஷம் எரிச்சல்பட்ட பிறகு ஒரு வழி கண்டேன். எழுந்து போகும்போது, பாதி வாக்கியமாக இருந்தாலும், ஓரத்தில் அடுத்து வரவேண்டியதை இரண்டு மூன்று சொல்லில் கிறுக்கிவிட்டுப் போவேன். 'சீட்டு. மருமகன். பொய்.' திரும்பி வரும்போது எங்கே விட்டேன் என்று தேடுகிற கால் மணி நேரம் மிச்சம். நாலு வரியாவது நாலு வரியாக நிற்கும். மாதம் 25 நாள் நாலு வரி என்றால் நூறு வரி. உங்கள் அச்சான கதை ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள். சிறுகதை பெரும்பாலும் முந்நூறு வரிக்குள் முடிந்துவிடும். கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, செக்ரோலில் இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் ஒரு பேர்.

எழுதி முடித்த கதையை அன்றைக்கே அனுப்பாதீர்கள். வந்து இறங்கின கொழுந்தை உடனே மெஷினில் விடுகிறீர்களா? வாட்டும் தொட்டியில் பரப்பி, இராத்திரி முழுக்கக் காற்று விட்டு, ஈரம் இறங்கிய பிறகுதானே? அவசரப்பட்டால் தூள் எப்படி வரும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் கதையைக் கண்ணில் படாமல் வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் சரியில்லை, இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. நான் அப்படிப் படிப்பதைக் கேட்டு எதிர்வீட்டில் ரொம்ப நாள் நான் யாரோடோ ஃபோனில் சண்டை போடுவதாக நினைத்திருந்தார்கள்.

28,000 ரூபாய் விஷயத்துக்குச் சுருக்கமாகவே பதில்: கட்டாதீர்கள். 28,000ஐ 300ஆல் வகுத்தால் பிரதிக்கு 93 ரூபாய் சொச்சம். உங்கள் புத்தகத்தை நீங்களே மொத்த விலைக்கு வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். அச்சடிக்கிற செலவு உங்களுடையது என்றால் விற்கவேண்டிய அவசரம் அவர்களுக்கு எதற்கு? காசு வாங்காத பதிப்பாளரிடமும் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான பத்து சதவீத ராயல்டியில், 200 ரூபாய்ப் புத்தகம் முந்நூறும் விற்றால் உங்களுக்கு 6,000 ரூபாய். விற்க இரண்டு வருஷம் ஆகலாம். வேலையை விடலாமா என்ற கேள்விக்கு இந்த ஆறாயிரமும் ஒரு பதில். 'நூலக ஆணை வந்தால் எல்லாம் திரும்பக் கிடைத்துவிடும்' என்பார்கள், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கிக்கொள்வதைச் சொல்கிறார்கள். வந்தால் சந்தோஷம், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று தனிக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், இந்தியாவில் அது இலவசமாகத் தரப்படுவது.

எந்தப் பதிப்பாளராக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், வரிவரியாகப் படித்துவிட்டு. நான் படிக்கவில்லை. என் இரண்டாவது புத்தகத்துக்கு ஒரு பதிப்பகம் நீட்டின அச்சடித்த தாளில், 'முழு உரிமை' என்ற வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கதைகளை இன்று ஒலிப்புத்தகமாக்க வேண்டுமென்றாலும் அவர்களைத்தான் கேட்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதுகிறவர் பக்கம் கொஞ்சம் சாய்வாகவே இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்று பொருள். எந்த எல்லைக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை, உரிமை உங்களிடமே திரும்பிவிடும். அதனால்தான் வேறுவிதமாகச் சொல்லும் வரிகளைச் சின்ன எழுத்தில் போட்டுவைக்கிறார்கள். உங்கள் எழுத்தின் உரிமை உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். உங்கள் பையனுக்குச் சேரவேண்டிய சொத்து என்று நினைத்துப் படித்துப் பாருங்கள், கண் தானாகத் திறக்கும். ஆறு கதைக்கு இப்போது புத்தகமும் வேண்டாம். பன்னிரண்டு ஆகட்டும்.

இனி அப்பாயி. கடிதத்தில் அவரை அரை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு மனசு அங்கேயே நிற்கிறது. 1964 அக்டோபரில் இந்தியாவும் சிலோனும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதினார்கள். தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம் முகாம் என்று வந்தவர்களில் ஒரு பகுதி நம் மலைக்கு ஏறியது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வனத்துறை 1968இல் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இத்தனை வருஷம் ஆகியும் இங்கே அவர்கள் 'சிலோன்காரங்க'தான். ஒப்பந்தமும் எண்ணிக்கையும் எல்லாப் புத்தகத்திலும் கிடைக்கும். கப்பலில் ஏறும்போது மடியில் எதைக் கட்டிக்கொண்டு வந்தார் என்பது அப்பாயியிடம் மட்டும்தான் இருக்கிறது.

மின்துறைப் பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்தபோதுதான் ராஜம் கிருஷ்ணன் படகர் வாழ்க்கையைக் கவனித்து நாவலாக்கினார். எழுதப்போகும் மக்களிடம் போய் இருந்து கேட்டு எழுதுவது கடைசிவரை அவர் வழக்கம். அதற்காக எவ்வளவு தூரம் அலைந்தார்! உங்களுக்குப் பஸ் செலவுகூட இல்லை. அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். பூண்டு உரிக்கும்போதோ அரிசி புடைக்கும்போதோ பக்கத்தில் ஃபோனைப் பதிவில் போட்டு வையுங்கள். 'பேட்டி எடுக்கப்போறேன் அப்பாயி' என்று சொன்னால் மேடைத் தமிழ் வந்துவிடும். பதிவு செய்கிறேன் என்பதை மட்டும் சொல்லுங்கள், சொல்லாமல் செய்யாதீர்கள். கை வேலையில் இருக்கட்டும்.

கேட்டதை எழுதும்போது யாராவது அந்தப் பேச்சைத் திருத்த வந்தால் விடாதீர்கள். அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். சில வருஷம் முன்பு ஒருவர் கதையில் 'பணிய லயம்' என்று வந்தது. மெய்ப்பில் அதை நான் 'கீழ்வரிசை வீடு' என்று மாற்றினேன், வாசகருக்குப் புரியட்டும் என்று. எழுதியவர் ஃபோன் செய்தார். கோபமில்லை. "அது எங்கம்மா வாயில வராதுங்க" என்று மட்டும் சொன்னார். புத்தகம் அதற்குள் அச்சாகிவிட்டது.

அதனால்தான் அரைப்பேரில் நின்றுவிட்டேன். உங்கள் மூன்று அச்சுக் கதைகளையும் தேடிப் படித்தேன். ஒன்றில்கூட இந்த மாதிரி ஒரு சொல் இல்லை. எல்லாரும் புத்தகத் தமிழில் வருத்தப்படுகிறார்கள். நாலு மணிக்கு எழுந்து எழுதினது அது. இந்தக் கடிதத்தை எப்போது எழுதினீர்கள்? மதிய இடைவேளையில், எடைச் சீட்டுகளுக்கு நடுவில்தானே? ஓரத்தில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது.

ஒரு வேலை தருகிறேன். அப்பாயியிடம் கேளுங்கள்: அங்கே ராத்தல் (பவுண்டு எடை) கணக்காமே, எத்தனை ராத்தல் குறைந்தால் அரைப்பேர்? நோட்டில் எழுதியது யார்? எழுதும்போது சத்தமாகச் சொல்வார்களா, சொல்லாமலே எழுதிவிட்டு மூடுவார்களா? அரைப்பேர் விழுந்த அன்றைக்கு இராத்திரி லயத்தில் என்ன சமைத்தார்கள், யார் குறைவாகச் சாப்பிட்டார்கள்? தை பிறந்து ஃபேக்டரியில் கொழுந்து குறைந்ததும் எனக்கு எழுதுங்கள். கடிதமாகவே எழுதுங்கள், கதையென்று மேலே போட வேண்டாம்.